மழையும் வெயிலும் கேட்கும் கேள்வி

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் முதுமொழி. ஆயின் அந்நாரின் பேறு ஒருநாட் பேறே; மாலை வாடினால் நாரும் உடன்சென்று குப்பையிற் சேரும். இந்நாளிலோ நாரானது பூவை விட்டுப் பிளாஸ்டிக்கோடு கூடிப் பலகையாகி, ‘யான் மரத்தினும் நெடுநாள் வாழ்வேன், மழைக்கும் அஞ்சேன், வெயிலுக்கும் அஞ்சேன், கறையானுக்கும் அஞ்சேன்’ என்று கடைத்தெருவில் நின்று மார்தட்டுகின்றது. அக்கூற்றை எவ்வளவிற்கு நம்பலாம் என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இப்பொருளை யாம் தேடிச் சென்றிலேம். அதுவே எம்மைத் தேடி வந்தது. யூபிலி ஆண்டின் நினைவாகக் கல்லூரி வளவில் மரநிழலிலே மாணவர் அமர்ந்து படிக்க வாங்குகளும், மைதானத்தைச் சுற்றி ஒரு வேலியும் அமைத்துத் தரலாம் எனப் பழைய மாணவர் சிலர் கூடிப் பேசியபோது யாமும் உடனிருந்தோம். மரத்தால் அமைப்போம் என்றார் ஒருவர். ‘மரம் ஐந்தாண்டில் உக்கிவிடும், மறுபடியும் யார் பணந் தருவார்? இப்போது நார்க்கூட்டுப் பலகை வருகின்றதே, அது உக்குவதே இல்லையாம்’ என்றார் மற்றொருவர். ஈற்றில் இருவரும் எம்மை நோக்கி, ‘சேர், நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?’ என்றனர். அன்று யாம் விடை கூறாது வந்துவிட்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்க்குப் பலகையோடு என்ன உறவு என்று அன்பர்கள் எண்ணற்க. ‘உக்குவதே இல்லை’ என்பது ஒரு வாக்கியம். வாக்கியத்தின் பொருளை ஆராய்வது எமது தொழில். எது உக்குவதில்லை, எங்கே உக்குவதில்லை, எத்தனை ஆண்டு உக்குவதில்லை, யார் கண்டு சொன்னார் என்று வினவாமல் ஒரு வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளும் மாணவனை யாம் கண்டிப்போம் அல்லவா? அக்கண்டிப்பு எமக்கும் உரியதே. ஆதலின், விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பரிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் யாம் அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துரைப்போம்.

நாரையும் பசையையும் கூட்டி வலிய பொருள் ஆக்குதல் புதிய வித்தை அன்று. வரிச்சுக் கட்டி, வைக்கோல் கலந்த களிமண் அப்பிச் சுவர் எழுப்பிய நம் முன்னோர் செய்தது அதுவே. வைக்கோல் இல்லாத மண் காய்ந்தால் வெடிக்கும். மண் இல்லாத வைக்கோல் காற்றிற் பறக்கும். இரண்டுஞ் சேர்ந்தால் சுவர் ஆகும். மரமும் இத்தகைய ஒரு கூட்டுப்பொருளே என்கின்றனர் அறிஞர். செலுலோசு என்னும் நார்களை இலிக்னின் என்னும் பசை பிணைத்து நிற்றலாலேதான் மரம் மரமாக நிற்கின்றது. இயற்கை செய்த அக்கூட்டைப் பார்த்து மனிதன் செய்ததே இந்நாளைய நார்க்கூட்டு.

இது மூவகைப்படும். தும்பு, சணல், மூங்கில் முதலியவற்றைப் பிசினிலே தோய்த்து அழுத்துவது ஒன்று. நாரைச் சீமெந்தோடு குழைத்து வார்ப்பது மற்றொன்று. மரத்தூள், உமி, தும்பு ஆகியவற்றைப் பொலித்தீன் போன்ற பிளாஸ்டிக்கோடு உருக்கிப் பலகையாக இழுத்தெடுப்பது மூன்றாவது. வெளியிடங்களில் மரத்துக்கு மாற்று எனப் பெரிதும் விற்கப்படுவது இம்மூன்றாம் வகையே. இதில் நூற்றுக்கு 40 முதல் 60 பங்கு வரை நாரோ தூளோ இருக்கும். வெப்பம் 200 பாகை செல்சியசைக் கடந்தால் நார் கருகத் தொடங்கும். ஆதலின் அதற்குக் கீழே உருகும் பிளாஸ்டிக் வகைகளே இதற்குப் பயன்படும். கண்ணுக்கு அழகிய பலகை, தச்சன் வாளால் அறுக்கலாம், திருகாணி ஏற்றலாம், வண்ணம் பூச வேண்டியதில்லை.

இம்முயற்சியின் நோக்கம் நன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கைத் தீவின் பரப்பிலே நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் காடாயிருந்தது என மதிப்பிடுவர். இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு 30 பங்கு அளவே. மாத்தளை மலைகளிற் காடழிந்த வரலாற்றை நமக்குப் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை. கோப்பித் தோட்டத்துக்காக அம்மலைகளை வெட்டி வெளியாக்கிய கைகள், மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து கால்நடையாய் வந்த நம் முன்னோரின் கைகளே. கூலிக்காக வெட்டினர், அவர்மேற் குற்றமில்லை. ஆயினும் அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நாம் இன்னும் ஒரு மரத்தைக் காப்பாற்றக் கூடுமாயின் அது நல்லதொரு கைம்மாறே.

நாருக்கும் நம் நாட்டிற் பஞ்சமில்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 250 கோடி முதல் 300 கோடி வரை தேங்காய் இத்தீவில் விளைகின்றது. அத்தனைக்கும் மட்டை உண்டு. தும்புக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. சணலில் இலிக்னின் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் இருக்க, மரத்தில் இருபது முதல் முப்பது பங்கு வரை இருக்க, தும்பிலோ நாற்பது பங்கிற்கும் மேல் இருக்கின்றது. மாதக் கணக்காய் நீரிலே மட்டையை ஊறவிட்டு அடித்தாலும் தும்பு அழியாமல் வருவதன் மருமம் இதுவே. மண்சரிவைத் தடுக்கச் சரிவுகளில் விரிக்கும் தும்பு வலை, சணல் வலையினும் நெடிது நிற்பதும் இதனாலே. ஆயின் அதுவும் சில ஆண்டுகளே நிற்கும். நிலைபேறு உடையது அன்று.

நிற்க. உக்காத நாரும் பசையும் பற்றி மாத்தளை மாவட்டம் உலகுக்கே பாடஞ் சொல்லத் தக்கது. அலுவிகாரைக் குகைகளிலேதான் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பர். எழுதப்பட்டது தாளிப்பனையின் ஓலையில். ஓலை ஒரு நார்ப்பொருள். அதனை அவித்து, உலர்த்தி, தேய்த்து வழுவழுப்பாக்கி, எழுதிய பின் கரியும் எண்ணெயும் பூசி, மரச்சட்டங்களுக்கிடையே கட்டி வைப்பர். நூற்றாண்டுகள் கழிந்தும் வாசிக்கத்தக்க ஏடுகள் இருக்கின்றன. ஆயின் எந்த ஏடு நின்றது? குகையின் நிழலில் இருந்த ஏடு. காலந்தோறும் எண்ணெய் கண்ட ஏடு. செல்லரிக்குமுன் மறுபடி படியெடுக்கப்பட்ட ஏடு. கூரையும் கவனிப்பும் இல்லாத ஏட்டை ஒரு மழைக்காலம் தின்றுவிடும். அலுவிகாரையில் நெடுங்காலம் பேணப்பட்ட ஏடுகளோ 1848ஆம் ஆண்டுக் கலகத்தின்போது தீயில் அழிந்தன. எந்தப் பொருளுக்கும் பகை பலவகை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

மாத்தளைப் பக்கத்து ஹப்புவிதைக் கிராமத்து அரக்கு வேலையும் இதனையே சொல்லும். கைத்தடிக்கும் ஏட்டுச் சட்டத்துக்கும் மரத்தின்மேல் வண்ண அரக்கை உருக்கி ஏற்றும் அக்கைவினைஞர், இயற்கைப் பிசின் மரத்தை ஈரத்தினின்று காக்கும் என்பதைப் பரம்பரையாக அறிந்தவர். ஆயினும் அரக்கிட்ட பொருளை அவர் முற்றத்து மழையிற் போட்டு வைப்பதில்லை. முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களையும் எண்ணிப் பாருங்கள். மாசிமகத்தில் வீதிவலம் வரும் அத்தேர்கள் ஆண்டின் ஏனைய நாட்களில் மழைபடாது காக்கப்படுகின்றன. தேருக்குப் பெருமை வீதியில், ஆயுள் கொட்டகையில்.

இந்த அறிவை மறந்து, பொருளே தன்னைத்தான் காத்துக்கொள்ளும் என்று நம்பியதுதான் நம் காலத்தின் பிழை. வெளிநாட்டாரும் இப்பிழைக்கு விலக்கானவர் அல்லர். 1990களில் அமெரிக்க நாட்டில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகள் முற்றத்து மேடைகளுக்கும் நடைபாதைகளுக்கும் பெருவாரியாகப் பயன்படத் தொடங்கின. பிளாஸ்டிக் மரத்தூளை முற்றாகப் பொதிந்து விடுவதால் நீரும் பூஞ்சணமும் உட்புகா என்பதே அன்றைய நம்பிக்கை. 1998இல் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியாயிற்று. புளொரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில், சதுப்பு நிலத்தின்மீது அமைத்த பலகை நடைபாதையிலே, அத்தகைய பலகையைப் பூஞ்சணம் தின்று, காளானும் முளைத்திருந்தமையை அது எடுத்துக் காட்டியது. பிற்காலத்தில் பலகை செய்வோர் அதன்மேல் தனியொரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தத் தொடங்கினர். போர்வை வேண்டியதாயிற்று என்பதே முதலிற் சொன்ன உறுதி குறையுடையது என்பதற்குச் சாட்சி.

இனி நம் அயலகம் நோக்குவோம். 1970களில் இந்திய அரசு ஐக்கிய நாடுகளின் கைத்தொழில் அபிவிருத்தி நிறுவனத்தின் துணையோடு சணலைப் பொலியெஸ்டர்ப் பிசினில் இறுக்கிக் கட்டடப் பொருள் செய்யும் முயற்சியில் இறங்கிற்று. ‘மதராஸ் வீடு’ எனப் பெயர்பெற்ற மாதிரி வீடும் தானியக் களஞ்சியங்களும் அம்முயற்சியின் பயனாய் எழுந்தவை. பெங்களூரிலே ஒட்டுப்பலகை ஆராய்ச்சி நிறுவனத்தார் மூங்கிற் பாய்களைப் பிசினில் தோய்த்து அழுத்தி நெளிகூரைத் தகடு செய்யும் முறையைக் கண்டனர். இவை போற்றத்தக்க முயற்சிகள். மூங்கிற் பாய்த் தகட்டிற் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நீரைத் தாங்கும் பீனால் வகைப் பிசினில் நார் முழுவதும் தோய்கின்றது. பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகுகின்றது. வெளியே நிற்பதற்கென்றே ஆக்கிய பொருள் அது. வீட்டினுள் வைக்கும் அலுமாரிக்காகச் செய்த மலிவுப் பலகையை முற்றத்தில் நிறுத்திவிட்டு, நார்க்கூட்டு முழுவதையும் பழிப்பதும் நீதியன்று.

அவ்வாறாயின் பலகை ஏன் கெடுகின்றது? பகைவர் நால்வர்: நீர், வெயில், உயிர், பாரம்.

நார் நீரை விரும்பும். பிளாஸ்டிக் நீரை வெறுக்கும். இவ்விருவரையும் ஒரு கூரையின்கீழ் வாழவைக்க ஓர் இணைப்புப் பொருள் வேண்டும். அதனைச் சேர்த்தால் செலவு கூடும். சேர்க்காவிடின் இருவருக்கும் இடையே நுண்ணிய இடுக்குகள் இருக்கும். நாரின் பங்கு பாதியைத் தாண்டினால் ஒரு நார் மற்றொரு நாரைத் தொட்டுத் தொட்டு, பலகையின் ஓரத்திலிருந்து உள்ளே செல்ல நீருக்கு ஒற்றையடிப் பாதை அமைந்துவிடும். அறுத்த முனையும், திருகாணித் துளையும் அப்பாதையின் வாயில்கள். உட்சென்ற நீரால் நார் வீங்கும், வெயிலிற் சுருங்கும், வீங்கிச் சுருங்கி வீங்கிச் சுருங்கிப் பிடிப்பு விட்டுப்போகும்.

வெயிலின் செயல் வேறு. கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கதிர்கள் இலிக்னினைச் சிதைக்கும். பிளாஸ்டிக்கையும் மேற்பரப்பிலே நொறுங்கச் செய்யும். மேலே வெண்பொடி பூத்தது போலத் தோன்றும். அடுத்த மழை அப்பொடியைக் கழுவ, புதிய நார் வெளிப்படும். அதனையும் கதிர் தாக்கும். தும்பின் பெருமையாகச் சொன்ன இலிக்னினே வெயிலின்முன் அதன் பலவீனமும் ஆகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் பகை பூஞ்சணம். ஈரம் நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேல் நார்க்குள் நெடுநாள் தங்கினால் அது குடியேறும். ஈரம் உலர்ந்துவிட்டால் வளராது. நான்காம் பகை பாரம். மரம் பாரத்தைத் தாங்கி, பாரம் நீங்கியதும் பெரிதும் தன்னிலைக்கு மீளும். பிளாஸ்டிக் கலந்த பலகையோ, பாரம் நெடுநேரம் இருந்தால் மெல்ல மெல்லத் தொய்யும். வெயிலிற் சூடேறினால் இன்னும் தொய்யும். தொய்ந்தது முற்றாக மீளாது.

மாத்தளை மாவட்டத்தில் இந்நால்வரும் ஒருங்கே வாழ்கின்றனர். தம்புள்ளைப் பக்கம் வறண்ட வெயில். நக்கிள்ஸ் மலைச்சாரலில் ஓயாத ஈரம். நகரிலோ ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழையும், இடைக்காலங்களில் காலையில் வெயிலும் மாலையில் இடிமழையும். குளிர்நாட்டு உத்தரவாதச் சீட்டு இத்தகைய நாளொன்றைக் கனவிலும் கண்டிராது.

அன்று விடை கூறாது வந்த காரணத்தை இனிக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் யாம் பணியாற்றிய ஒரு பாடசாலையில் பெற்றோர் கூடிப் பணஞ் சேர்த்து, முற்றத்துக்கென இத்தகைய பலகையால் எட்டு வாங்குகள் செய்வித்தனர். முதலாண்டு பார்த்தவர் எல்லாம் புகழ்ந்தனர். கால்கள் மண்ணிற் புதைந்திருந்தன. அறுத்த முனைகள் அறுத்தபடியே இருந்தன. நான்கடி நீளத்துக்கு நடுவில் ஒரு தாங்குகட்டையும் இல்லை. இரண்டாம் ஆண்டு நடுப்பகுதி சற்றே குழிந்தது. மூன்றாம் மழைக்காலத்தில் முனைகள் பொருமி, திருகாணியைச் சுற்றி வெடிப்புக் கண்டு, ஒரு வாங்கின் அடியிற் சிறிய காளான்களும் தோன்றின. பிள்ளைகள் அவற்றைக் காட்டிச் சிரித்தனர். யாமும் உடன் சிரித்தோம். பதினைந்து நாள் கழித்து ஒரு காலை, நால்வர் அமர்ந்திருந்த அவ்வாங்கு முறிந்தது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் மணிக்கட்டெலும்பு உடைந்தது. அவளுடைய தந்தை தோட்டத்திற் பால்வெட்டும் தொழிலாளி. மகளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல மூன்று நாட் சம்பளத்தை இழந்தார். எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். ‘பலகை உக்காது என்றுதானே, சேர், எல்லாரும் சொன்னார்கள்’ என்றார்.

விற்றவரைக் கேட்டபோது உத்தரவாதச் சீட்டை எடுத்துக் காட்டினார். மண்ணைத் தொடலாகாது, தாங்குகட்டை நெருக்கமாய் இருத்தல் வேண்டும், முனைகளை அடைத்தல் வேண்டும் என்று சிற்றெழுத்தில் எல்லாம் இருந்தது. பொருள் வந்த நாளில் பற்றுச்சீட்டிற் கையொப்பமிட்டவருள் யாமும் ஒருவர். எழுத்தைப் படிக்கவென்றே சம்பளம் பெறும் யாம் அச்சிற்றெழுத்தைப் படித்திலேம். முறிந்த பலகைகளைச் சமையற்கட்டில் எரிக்க முயன்றபோது கரும்புகை எழுந்து எல்லாரையும் இருமச் செய்தது. மண்ணிற் புதைத்தால் மட்கவும் மட்காது. மரமாயின் சாம்பலாகி வாழைக்கு உரமாகியிருக்கும்.

அப்பாடசாலையின் விறாந்தையிலே பலாமரத்து வாங்கு ஒன்றும் இருந்தது. எமக்கு மூத்த ஆசிரியர் காலத்தது. விடுமுறைதோறும் முதிய காவலாளி ஒருவர் பழந்துணியில் எண்ணெய் தொட்டு அதனைத் துடைத்துவந்தார். யாரும் அவரைக் கேட்டதில்லை; யாரும் அவருக்கு நன்றி கூறியதும் இல்லை. அவ்வாங்கு இன்றும் இருக்கின்றது.

இதனால் மரமே சிறந்தது என்று யாம் முடிவு கட்டுவதாக எண்ணற்க. முதிரை, பாலை முதலியவற்றின் வைரம் வெளியில் நெடுங்காலம் நிற்கும். அவற்றின் வெளிமரமோ விரைவில் உளுக்கும். இன்று மலிவாய்க் கிடைப்பது இளமரமே. அதனை வாங்கி நட்டுவிட்டு மரத்தை நம்பினோம் என்பதும் பேதைமையே. சீமெந்தில் நாரைக் கலந்த பலகை கறையானுக்கு அஞ்சாது. ஆயின் சீமெந்தின் காரம் நாரை நாளடைவில் அரித்து முறுகச் செய்யும். உமிச்சாம்பல் போன்றவற்றைச் சேர்த்துக் காரத்தைக் குறைத்தாலன்றி அதுவும் நிலையாது. எந்தப் பொருளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு.

நீடித்து நிற்றல் ஒன்றே சிறப்பு ஆகாது என்பதற்கும் நம் தலைக்குமேல் ஒரு சான்று இருக்கின்றது. அஸ்பெஸ்டஸ் தகடும் ஒரு நார்க்கூட்டே. அதன் நார் மண்ணிலிருந்து அகழ்ந்த கனிமம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒஸ்திரியாவிற் பிறந்த அத்தகட்டுக்கு இட்ட வணிகப் பெயரே, ‘என்றும் உள்ளது’ என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது பெயருக்கேற்ப நெடுங்காலம் நிற்கவே செய்தது. பின்னரே அதன் நுண்ணிய நார் நெஞ்சிற் புகுந்து புற்றுநோய் விளைக்கும் என்பது தெளிவாயிற்று. அதன் எல்லா வகையும் அத்தகையனவே என உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கின்றது. நம் தோட்டத்து இலயங்கள் எத்தனையின்மேல் அது இன்னும் கிடக்கின்றது! ஆதலின், எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்கும் நாம், நின்று முடிந்தபின் என்னாகும் என்பதையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

எனவே பழைய மாணவ அன்பர்களுக்கு எமது விடை இதுவாகும். வேலிக்கும், பெயர்ப்பலகைக்கும், பூம்பாத்தி வரம்புக்கும் நார்க்கூட்டுப் பலகையை ஐயமின்றிப் பயன்படுத்துங்கள். அவை ஆளைத் தாங்குவன அல்ல. வாங்குகளுக்குப் பயன்படுத்துவதாயின் நிபந்தனையோடு பயன்படுத்துங்கள். கூரையின் கைமரத்துக்கும், பிள்ளைகள் ஏறி நிற்கும் மேடையின் தாங்குமரத்துக்கும் அதனைப் பயன்படுத்தவே வேண்டாம்.

நிபந்தனைகள் ஐந்து. முதலாவது, நார் எது, பிளாஸ்டிக் எது, எது எத்தனை பங்கு, மேலுறை உண்டா என்பவற்றை விற்பவர் எழுத்தில் தரல் வேண்டும்; தராதவரிடம் வாங்கலாகாது. இரண்டாவது, இரும்பு அல்லது கொங்கிறீற்றுக் காலின்மேல், மண்ணைத் தொடாது, 40 சென்ரிமீற்றருக்கு ஒரு தாங்குகட்டையாகப் பலகை அமைதல் வேண்டும். மூன்றாவது, பலகைக்கும் பலகைக்கும் இடையே 5 மில்லிமீற்றரேனும் வெளி விட்டு, நீர் வழிந்து காற்று உலவச் செய்தல் வேண்டும். நான்காவது, அறுத்த முனையையும் துளையையும் அன்றே அடைத்தல் வேண்டும். ஐந்தாவது, ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், ஒருவர் ஒவ்வொரு வாங்கையும் கவிழ்ந்து பார்த்து ஏட்டிற் குறித்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. வாங்குமுன் மாதிரித் துண்டுகள் சிலவற்றைப் பெற்று நம் விஞ்ஞான மாணவரிடம் கொடுங்கள். ஒவ்வொன்றையும் நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடியும் நிறுக்கட்டும். 100 கிராம் துண்டு 101 ஆயிற்றா, 110 ஆயிற்றா என்பதை அவர்களே கண்டு சொல்வர். வேறு சிலவற்றை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கூரைமேல் வைத்து, பலா, மகோகனித் துண்டுகளோடு ஒப்பிடட்டும். ஓராண்டு தாமதமாகும் என்பீர்கள். யூபிலி கண்ட கல்லூரிக்கு ஓராண்டு பெரிதன்று. அவ்வாண்டின் முடிவில் வாங்கு பற்றிய உண்மையோடு, ஒரு கூற்றைச் சோதித்தறியும் பழக்கமும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடும்.

ஈற்றிலே, கூறக் கூசும் ஒன்றையும் கூறிவிடுகின்றோம். நன்கொடையாளர் பெயரைப் பித்தளைத் தகட்டிற் பொறித்து வாங்கின் முதுகிற் பதிக்கும் வழக்கம் நமக்கு உண்டு, நல்ல வழக்கமே. ஆயின் எண்ணெய்ப் புட்டிக்கும், திருகாணிக்கும், கவிழ்ந்து பார்ப்பவரின் கூலிக்கும் பெயர் பொறித்து யாரும் கொடுப்பதில்லை. சேரும் பணத்திற் பத்திலொரு பங்கைப் பேணுதற்கென ஒதுக்கி வையுங்கள் என்று வேண்டுகின்றோம். அப்பங்கு இருந்தால் எப்பலகையும் ஓரளவு நிற்கும். அது இல்லையேல் எப்பலகையும் மூன்றாம் மழையில் எம்மை வெட்கப்படுத்தும்.

அம்மாணவியின் கை ஆறிவிட்டது. அவள் இன்று உயர்வகுப்பிற் படிக்கின்றாள் என அறிந்து மகிழ்ந்தோம். இக்கல்லூரி மரநிழலில் நாளை அமரப்போகும் பிள்ளைகள் வாங்கின் அடியைக் கவிழ்ந்து பார்த்தபின் அமர மாட்டார்கள். பெரியவர் பார்த்திருப்பர் என்று நம்பியே அமர்வர். அந்நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையோர் ஆவோமாக. கல்லூரி நீடு வாழ்க!